கல்லாவில் ஒரு மகமைக் கணக்கு

கேள்வி: ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் என் அப்பா 31 ஆண்டுகளாக டீக்கடை நடத்தி வருகிறார். அவருக்கு வயது 66. அம்மா இல்லை. ஒரு மாஸ்டரும் ஒரு சப்ளையரும் வேலை செய்கிறார்கள். நாளைக்கு 4,800 ரூபாய் வியாபாரம் ஆகிறது. அதில் 700 ரூபாய் நோட்டில் ஏறுகிறது. நோட்டில் 41 பேர் பெயரில் 1,12,000 ரூபாய் நிற்கிறது. கையில் பணம் புரளாததால் மூன்று தண்டல் (தினமும் தவணை கட்டும் வட்டிக் கடன்) ஓடுகிறது. கடையை ஒரு மொபைல் கடைக்காரருக்குக் கைமாற்றிவிட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான் தம்பி. ஒரு டீயைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காருகிறவர்களை வைத்துக்கொண்டு கடை எப்படி நடக்கும் என்று கேட்கிறான். நான் சென்னையில் பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வந்து கடையை ஏற்றுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். 'கடன் கிடையாது' என்று அட்டை எழுதி மாட்டினால் கடை பிழைக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் வருகிறவர்கள் கலைந்துவிடுவார்கள், அப்பாவும் ஒடிந்துபோவார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடையைப் பற்றி எனக்கு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனக்குறையை நான்கு பக்கத்துக்கு எழுதிவிட்டுக் கணக்கை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் மூன்று மாத வரவு செலவையும் பற்று நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்பியிருப்பதால், உங்கள் தந்தையின் மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவருடைய கல்லாவைப் பற்றிப் பேச எனக்கு வழி கிடைத்தது. தணிக்கையாளனாக நான் கண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடையை முழுகடிப்பது நோட்டில் ஏறும் கடன்தான் என்று நீங்களும் தம்பியும் ஒருசேர நம்புகிறீர்கள், நோட்டு அப்படிச் சொல்லவில்லை.

நாளைக்கு 700 ரூபாய் வீதம் மாதத்துக்கு 21,000 ரூபாய் கடனாகப் போகிறது. சம்பளத் தேதியை ஒட்டித் திரும்பி வந்த தொகையைக் கூட்டிச் சராசரி பார்த்தால் மாதத்துக்கு 19,500 ரூபாய் வந்திருக்கிறது. வராமல் நின்றுபோவது மாதம் 1,500 ரூபாய், நாளைக்கு 50 ரூபாய், உங்கள் கடை விலையில் ஐந்து டீ. ஒரு தெருவே வந்து உட்காரும் கடைக்கு இது தாங்க முடியாத தொகையன்று. மொத்தமாக நிற்கும் 1,12,000 ரூபாயையும் பிரித்துப் பார்த்தேன். அதில் பதினேழு பேர் பெயரில் நிற்கும் 68,000 ரூபாய் மூன்று ஆண்டுகளுக்கு முற்பட்டது. அந்தப் பதினேழு பேரில் சிலருடைய பெயருக்கு எதிரே உங்கள் தந்தையே 'காலமாகிவிட்டார்' என்றும் 'திருப்பூர் போய்விட்டார்' என்றும் எழுதி வைத்திருக்கிறார். மிச்சமுள்ள 24 பேரின் 44,000 ரூபாய்தான் உயிரோடிருக்கும் கடன்.

பழைய கடனை வசூலிக்க முடியுமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உணவு விடுதியோ மதுக்கடையோ தங்கும் விடுதியோ நடத்துகிறவர் விற்ற உணவுக்கும் பானத்துக்கும் உரிய விலையைக் கேட்டு வழக்குத் தொடுக்க, அதைக் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான் அவகாசம். மதுக்கடைக்காரரையும் இட்லிக் கடைக்காரரையும் சட்டம் ஒரே வரியில் நிறுத்தியிருப்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். வந்து உட்கார்ந்து, மடியில் காசில்லாவிட்டாலும் 'அப்புறம் தருகிறேன்' என்று எழுந்து போகக்கூடிய இடங்கள் இவைதாம் என்பது அந்த வரியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆக 68,000 ரூபாய் சட்டத்தின் வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பக்கங்களின் குறுக்கே ஒரு கோடு போட்டு, புதிய நோட்டில் அவற்றை ஏற்றாமல் விட்டுவிடுங்கள். யாராவது பின்னாளில் தாமாக வந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வதைச் சட்டம் தடுக்காது.

இனித் தண்டலுக்கு வருவோம். நீங்கள் எழுதியபடி ஒவ்வொரு தண்டலும் 20,000 ரூபாய் என்று பெயர். கையில் கிடைப்பது 17,000. கட்டுவது நாளைக்கு 200 வீதம் நூறு நாள். நூறு நாளைக்கு 3,000 தானே என்று கேட்பவருக்கு அது சிறிதாகத்தான் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருவதைச் சேர்த்துக் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சதவீத வட்டி. மூன்று தண்டலும் முடிய முடியப் புதுப்பிக்கப்படுவதால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 33,000 ரூபாய் வட்டியாகவே போகிறது. நோட்டுக் கடனில் வராமல் போவதோ ஆண்டுக்கு 18,000 ரூபாய். சுருங்கச் சொன்னால், உங்கள் தந்தை வட்டியில்லாமல் கொடுப்பதற்காக நூற்றிருபது வட்டிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார். நீங்கள் கொடுத்த செலவுகளைக் கழித்தால் நாள் முடிவில் அவர் கையில் மிஞ்சுவது 450 ரூபாய். அன்றைக்குத் தண்டலுக்குக் கட்ட வேண்டியது 600 ரூபாய். துண்டு விழும் 150 ரூபாயையும் வீட்டுச் செலவையும் அவர் எங்கிருந்து எடுக்கிறார் என்றால், அடுத்த தண்டலிலிருந்து எடுக்கிறார்.

தமிழ்நாட்டில் 2003இல் வந்த அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. இருந்தாலும் காவல் நிலையத்துக்குப் போவதை முதல் படியாக நான் சொல்ல மாட்டேன். தண்டல்காரரும் தினமும் உங்கள் கடையில்தான் டீ குடிக்கிறார் என்றும், அவருடைய மகளுக்கு வரன் பார்த்துக் கொடுத்ததே உங்கள் தந்தைதான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம், ஓடுகிற மூன்றையும் ஒழுங்காக முடித்துவிடுகிறோம், புதுப்பிக்க மாட்டோம் என்று உங்கள் தந்தை வாய்விட்டுச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். மிரட்டல் வந்தால் மட்டும் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடையில் தேவைப்படும் பணத்துக்கு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை இலவசமாகச் செய்துகொண்டு, கணக்கு வைத்திருக்கும் வங்கியில், சிறு வியாபாரிகளுக்குக் கடன் தரும் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் விண்ணப்பியுங்கள். அதில் 50,000 ரூபாய் வரை ஈடில்லாமல் கடன் உண்டு. ஆண்டு வட்டி 12 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு மாதத் தவணையில் அடைத்தால் வட்டி ஏறத்தாழ 3,300 ரூபாய்தான் ஆகும்.

உங்கள் கணக்கில் இவற்றை எல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது; அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அக்கம்பக்கத்துக் கடைகளில் டீ 12 ரூபாயும் 15 ரூபாயும் விற்கும்போது உங்கள் கடையில் இன்றும் 10 ரூபாய். நாளைக்கு 200 டீ போகிறது. கப்புக்கு 2 ரூபாய் வீதம் நாளைக்கு 400 ரூபாயும் மாதத்துக்கு 12,000 ரூபாயும் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. நோட்டில் ஏறாததால் இதை யாரும் கடன் என்று சொல்வதில்லை. காரை நிறுத்திவிட்டு டீ குடிக்க வருகிறவருக்கும் கோயம்புத்தூர் வண்டிக்கு அவசரமாக ஓடுகிற வியாபாரிக்கும் உங்கள் தந்தை தினமும் இரண்டு ரூபாய் தானம் செய்துகொண்டிருக்கிறார். அவர்கள் அதைக் கேட்கவும் இல்லை, அறியவும் இல்லை. டீயை 12 ரூபாய் ஆக்குங்கள். இருபது கப் குறைந்து 180 ஆனாலும் 2,000 ரூபாய் வந்த இடத்தில் 2,160 வரும். இருபது கப்புக்கான பாலும் சர்க்கரையும் மிச்சம். இரண்டு ரூபாய்ச் சில்லறைக்கு எங்கே போவது என்று மாஸ்டர் முகம் சுளிப்பார். ஜிபே அட்டை மாட்டியிருக்கும் கடைக்கு அது முன்போலப் பெரிய தொல்லையன்று.

விலை ஏறினால் ஆண்டு வியாபாரம் ஏறத்தாழ 18.7 இலட்சம் ரூபாய் ஆகும். உணவகத்துக்கு 20 இலட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பதால் இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஆனால் வடையும் பணியாரமும் கூடுதலாகப் போட ஆரம்பித்தால் மாதாமாதம் கூட்டிப் பாருங்கள்.

பெஞ்சில் உட்காருகிறவர்களைப் பற்றித் தம்பி சொல்வதற்கும் உங்கள் கணக்கிலேயே பதில் இருக்கிறது. கூட்டம் நெரிவது காலை ஐந்தரை முதல் எட்டு வரையிலும் மாலை நான்கு முதல் ஆறரை வரையிலும். ஒரு மணி நேரம் உட்காருகிறவர்கள் வருவது முற்பகலிலும் உச்சிப் பொழுதுக்குப் பிறகும். அப்போது பெஞ்சு எப்படியும் காலியாகத்தான் கிடக்கும். அவர்கள் உட்கார்ந்திருப்பதால் இடம் கிடைக்காமல் திரும்பிப் போன ஆளை உங்கள் தம்பியால் காட்ட முடியாது. கூட்டம் சேரும்போது ஓய்வு பெற்ற ஆசிரியர் தாமே எழுந்து கம்பத்தோரம் நின்றுகொள்கிறார் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். அந்த ஒழுங்கை எந்த அட்டை எழுதி மாட்டினாலும் உண்டாக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை திரும்பிப் படித்த பகுதி, கடையில் என்ன நடக்கிறது என்று நீங்கள் எழுதிய ஒன்றரைப் பக்கம். விடிவதற்கு முன் தேனி வண்டிக் கண்டக்டரும் பூக்கூடையோடு வரும் அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். மதுரா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் நாளிதழை உரக்கப் படிக்கிறார். கொத்தனார் தேடுகிற ஆள் வந்தால், வேலை தேடுகிற கொத்தனாருக்குப் பக்கத்தில் இடம் காட்டி 'வாங்கண்ணே, இப்படி உட்காருங்க' என்று சொல்லிவிட்டு உங்கள் தந்தை ஒன்றும் அறியாதவர்போலப் பாய்லருக்குப் போய்விடுகிறார். இரண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் முகம் பார்க்காமல் இருந்தபோது அவர்களுக்கு நடுவே ஒன் பை டூ டீ வைத்து, மற்ற கிளாஸெல்லாம் கழுவப் போயிருக்கிறது என்று பொய் சொல்கிறார். இதை நீங்கள் 'அப்பாவின் இரக்க சுபாவம்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு இது தொழில் திறமையாகத் தெரிகிறது. யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது, எப்போது பேச்சைத் தொடங்கிவிட்டு நகர்ந்துகொள்வது என்பதெல்லாம் முப்பது ஆண்டுகள் நின்று கற்றுக்கொண்டவை. நம் பக்கத்துக் கிராமங்களில் சாவடி என்று ஒன்று இருக்கும். ஊர்க்காரர்கள் கூடிப் பேசவும் வழிப்போக்கர் படுத்து எழுந்திருக்கவும் அதுதான் இடம். நகரத்துக்குக் குடிவந்தவர்களுக்குச் சாவடி கிடையாது. ஆரப்பாளையத்தில் அதை உங்கள் தந்தை கட்டி வைத்திருக்கிறார், நான்கு பெஞ்சும் ஒரு பாய்லரும் கொண்டு.

சாவடியிலும் எல்லாரும் ஏற முடிந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த ஊர் டீக்கடையில் சிலருக்குக் கண்ணாடிக் கிளாஸும் சிலருக்குச் சிரட்டையும் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஊரை விட்டு வந்தார் என்றும், தன் கடையில் முதல் நாளே ஒரே மாதிரி இரண்டு டஜன் கிளாஸ் வாங்கி வைத்தார் என்றும் நீங்கள் எழுதியதை நான் சாதாரணமாகக் கடந்து போக முடியவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939 ஜூலை 8ஆம் நாள். கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்பது 1950 முதல் அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் இருக்கிறது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் இரட்டைக் குவளை இருந்தது. ஒரே வாளியில் கழுவிய கிளாஸில் எல்லாருக்கும் டீ கொடுத்த கடையை மொபைல் கடைக்கு விடும்போது கைமாறுவது என்ன என்று தம்பியிடம் நீங்கள்தாம் சொல்ல வேண்டும். அதை அட்வான்ஸ் தொகையில் கூட்டிச் சொல்ல என்னால் முடியாது.

அப்படியானால் கடனை என்ன செய்வது? இந்தப் பகுதியின் பழைய வணிகர்களிடம் மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்றோ ரூபாய்க்கு இவ்வளவு என்றோ பொதுக் காரியத்துக்காக எடுத்து வைத்து, பேரேட்டில் அதற்கென்று தனித் தலைப்பே போட்டு எழுதுவார்கள். விருதுநகர் வணிகர்கள் மகமைப் பணத்தில் பள்ளிக்கூடங்களே நடத்தினார்கள். கொடை கணக்குக்குள் இருந்ததால் அது கடையைத் தின்றதும் இல்லை, கொடுத்தவர் அதற்காகக் கடன் வாங்கியதும் இல்லை. உங்கள் கடைக்கும் அதையே சொல்கிறேன். தினமும் கல்லா எண்ணும்போது முதலில் 50 ரூபாயை எடுத்துத் தனி டப்பாவில் போடுங்கள். நோட்டில் மகமை என்று ஒரு பக்கம் திறங்கள். வராது என்று தெரிந்த பாக்கி, காசில்லாதவருக்குக் கொடுக்கும் இட்லி, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைக்கும் நீர்மோர் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் ஏற வேண்டும். டப்பா யாருக்கு என்பதை உங்கள் தந்தை ஒருவர் மட்டும் முடிவு செய்யட்டும். நீங்கள் கேள்வி கேட்கக் கூடாது. டப்பா காலியானால் அந்த மாதத்துக்கு அவரும் நிறுத்திக்கொள்ள வேண்டும். மாதம் 1,500 ரூபாய் இப்போதும் போகிறது; இப்போது அது களவுபோல யாருக்கும் தெரியாமல் போகிறது. அதைப் பகலில் போக விடுங்கள் என்பதுதான் என் யோசனை.

மற்றக் கடன் வழக்கம்போல நடக்கட்டும். ஆளுக்கொரு பற்று அட்டை கொடுங்கள். 600 ரூபாய் வரை ஏறலாம், சம்பளத் தேதியில் தீர வேண்டும். அட்டை அவர்கள் கையிலேயே இருந்தால் பாதிப் பேர் நீங்கள் கேட்குமுன் தீர்த்துவிடுவார்கள். இப்போதிருக்கும் 24 பேரிடமும் கையெழுத்துக் கேட்டுப் பயமுறுத்த வேண்டாம். மாதம் கொஞ்சமாகப் பழைய பாக்கியைக் கழித்துக்கொள்ளச் சொல்லி உங்கள் தந்தையே பேசட்டும். 'கடன் அன்பை முறிக்கும்' என்ற அட்டையையும் 'இங்கு அரசியல் பேசாதீர்கள்' என்ற அட்டையையும் மாட்டாத கடை மதுரையில் அபூர்வம். அந்த அபூர்வத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

கைமாற்றுவது பற்றித் தம்பிக்குச் சட்டப்படி ஒன்று தெரிய வேண்டும். கடைக்கட்டடம் உங்களுடையதன்று. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையாளர் எழுதிச் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விட முடியாது. வாய்ப்பேச்சிலேயே 31 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. உரிமையாளர் நல்லவராக இருக்கும்போதே ஒப்பந்தம் எழுதி, உங்கள் பெயரையும் வாடகைதாரராகச் சேர்த்து, வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள்.

சென்னை வேலையை உடனே விட வேண்டாம். இன்று இந்தக் கடை உங்கள் தந்தைக்குத் தருவது, தண்டல் வட்டி போக, மாதம் 11,000 ரூபாய்க்குள். டீ விலையும் தண்டலும் சரியாகி, கப்பும் குறையாவிட்டால் அது 24,000 அல்லது 25,000 ரூபாய் ஆகும். அதில் இரண்டு பேர் வாழ முடியுமா என்பதை ஆறு மாதக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதுவரை விடுமுறை எடுத்து வரும் நாள்களில் கல்லாவில் உட்காராமல் பெஞ்சுப் பக்கம் நில்லுங்கள். யார் எந்த ஊர், யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது எந்த நோட்டிலும் இல்லை. அது உங்கள் தந்தையின் தலையில் இருக்கிறது. கல்லாவைப் பிறகு ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். பெண் பிள்ளை டீக்கடையில் நிற்பதா என்று முதல் வாரம் நாலு பேர் பேசுவார்கள். பூக்கூடை அம்மா இருக்கிற கடையில் அந்தப் பேச்சு நீடிக்காது என்று நினைக்கிறேன்.

கடையில் ஒரு உயரமான நாற்காலி வாங்கிப் போடுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் நம் மாநிலச் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். மாஸ்டருக்கும் அது உதவும், விடியற்காலை நான்கு மணியிலிருந்து நின்றுகொண்டிருக்கும் 66 வயதுக்காரருக்கும் உதவும்.

மூன்று தண்டல் அட்டைகளின் கடைசித் தேதிகளை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். எது முதலில் முடிகிறது என்று பார்த்து, வங்கிக் கடன் எந்த வாரத்தில் கைக்கு வந்தால் போதும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.